மேக்ரோ படம் மங்கினால் லென்ஸைத் திட்டாதீர்கள்

பூச்சி, பூ போன்ற சின்னப் பொருட்களை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸை வாங்கிய கையோடு பலரும் சொல்லும் புகார், ‘படம் ஷார்ப்பாகவே வரலை’ என்பது. பெரும்பாலும் லென்ஸில் கோளாறு இருக்காது. ஆட்களைப் படமெடுத்த அதே செட்டிங்கில் பூச்சியையும் எடுப்பதால் வரும் வினை.

எஃப்/2.8 இருக்கிறதே என்று அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) முழுக்கத் திறப்பதுதான் முதல் தவறு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 1:1 அளவுக்கு, அதாவது பொருள் தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கினால், எஃப்/2.8-இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். குதிக்கும் சிலந்தியின் முன்கண் தெளிவாக இருக்கும், பக்கத்துக் கண் கரைந்திருக்கும். எஃப்/11 வைத்தாலும் சுமார் 1.3 மி.மீ.தான் தேறும்.

அப்படியானால் எஃப்/32 வரை மூடிவிடலாமே? அதுவும் ஆகாது. 1:1-இல் எஃப்/11 என்று வைத்தது ஏறக்குறைய எஃப்/22 போல நடந்துகொள்ளும். (நிக்கானின் மேக்ரோ லென்ஸ்களில் இந்த மாறிய எண்ணே திரையில் தெரியும்.) இன்னும் மூடினால், சிறு துளை வழியே ஒளி விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுக்க மழுங்கும், வெளிச்சமும் போய்விடும். எஃப்/8-லிருந்து எஃப்/11 வரை போதும் என்பது என் கட்சி. பட்டாம்பூச்சி என்றால் இறக்கைக்கு இணையாகக் கேமராவைப் பிடியுங்கள். அப்பர்ச்சரை மூடாமலே முழு இறக்கையும் ஃபோகஸில் அடங்கும்.

ஆட்டோ ஃபோகஸை நம்பிக் காத்திருப்பதும் வீண். முன்னும் பின்னும் தேடி அது முடிப்பதற்குள் பூச்சி பறந்துவிடும். மேனுவலுக்கு மாற்றி, வேண்டிய நெருக்கத்தில் ஃபோகஸ் வளையத்தை விட்டுவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, கண் தெளியும்போது இரண்டு மூன்று படம் தட்டுங்கள்.

100 எம்எம் லென்ஸுக்கு 1/100 வினாடி ஷட்டர் வேகம் போதும் என்ற கணக்கு இங்கே உதவாது. கை நடுக்கமும் பூவோடு சேர்ந்து பெரிதாகும். அந்த நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷனும் இவ்வளவு நெருக்கத்தில் பாதி வேலைதான் செய்யும். வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் மாட்டிய ஃபிளாஷ், 1/200 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200 என்று தொடங்கலாம். பின்னணி கறுத்துப்போனால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், அல்லது பூச்சிக்குப் பின்னால் நெருக்கமாக ஓர் இலை வருமாறு கோணம் மாற்றுங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டரையும் அப்படியே நம்ப முடியாது. நந்தியாவட்டை ஃபிரேமை நிறைத்தால் வெள்ளைப் பூ சாம்பலாக வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 ஏற்ற வேண்டும். செம்பருத்தி நேரெதிர். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் சரியென்று காட்டும்போதே சிவப்பு சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி, இதழின் நரம்புகள் அழிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் -1 வரை இறக்கி அங்கேயே மறுபடி எடுத்துவிடுங்கள். அந்தப் பூ மாலைக்குள் வாடிவிடும்.