ரீலோட் செய்த ரைஃபிள் கேஸில் தேய்மானம் பார்ப்பது எப்படி

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் உரிமத்தோடு போட்டிக்குச் சுடுபவர்கள் கவனிக்க: சுட்டபின் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பும் (ரீலோட்) பித்தளைக் கேஸ், அதாவது தோட்டாக் கூடு, வெளியே பளபளக்கும், உள்ளே மெலிந்திருக்கும்.

முதலில் கழுவிக் காயவையுங்கள். கரி படிந்திருந்தால் விரிசல் தெரியாது. பிறகு வெயில் வெளிச்சத்தில் கழுத்தை, அதாவது குண்டைப் பிடிக்கும் வாய்ப்பக்கத்தை, சுற்றிப் பாருங்கள். மயிரிழை அளவு நீளவாட்டு விரிசல் இருந்தாலும் அந்தக் கேஸ் அவ்வளவுதான்.

ஆபத்து அதிகம் அடிப்பக்கத்தில். சுடும்போது கேஸின் முன்பகுதி சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடி பின்னால் தள்ளப்படும். இடையிலுள்ள பித்தளை இழுபட்டு மெலியும். அடியிலிருந்து சுமார் 6 முதல் 8 மி.மீ. மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். டை (கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) உரசிய தடமும் அப்படித்தான் தெரியும் என்பதால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை 2 மி.மீ. மடக்கிக் கூராக்குங்கள். உள்ளே அடிவரை விட்டு, சுவரை ஒட்டியே மேலே இழுங்கள். வழுக்கி வந்தால் நல்லது; பள்ளத்தில் இடறினால் கேஸை ஒதுக்குங்கள். புதிய கேஸ் ஒன்றில் முதலில் இழுத்துப் பார்த்தால் கைக்கு வித்தியாசம் பிடிபடும். ஒரே தொகுதியில் பல கேஸ்கள் இடறினால், பெரும்பாலும் டை தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) அதிகம் பின்தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட் இழுத்துச் சுடும் ரைஃபிளுக்கு 0.05 மி.மீ. தள்ளினால் போதும்.

புது ப்ரைமர் (அடியில் பொருத்தும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அதன் குழி விரிந்துவிட்டது என்று அர்த்தம். நீளத்தையும் அளங்கள்: .308 வின்செஸ்டருக்கு உச்சம் 51.18 மி.மீ., வெட்ட வேண்டியது 50.93-க்கு. மிஞ்சினால் கழுத்து சேம்பர் முனையில் நெருக்குண்டு குண்டை விடாது, அழுத்தம் எகிறும்.

நம் தோப்பு வீடுகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது, சேமிக்கும் இடம். கேஸ்களை மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறையில் வைக்கவே வைக்காதீர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கேஸ்கள் தாமாகவே விரிசல் விட்டன. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் விளக்கினார்கள். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷும் அதே கேட்டைச் செய்யும். குத்துவிளக்குக்குப் போடும் புளியில் கேஸை ஊறவைத்து மறந்தால் துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்புத் திட்டு விழும், அதையும் ஒதுக்குங்கள்.

ஒதுக்கியதன் வாயைக் குறடால் உடனே நசுக்குங்கள். இல்லாவிட்டால் நல்லவற்றோடு திரும்பக் கலந்துவிடும்.