அலியா, டைசனா? வேறு வேறு காலத்து ஹெவிவெயிட்களை மோதவிட்டு வாதாடுவது எப்படி

குத்துச்சண்டை சாம்பியன்கள் முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். எந்த வருஷத்து அலி, எந்த வருஷத்து டைசன் என்று திருப்பிக் கேளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலி வேறு, ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டம் பறிபோய், மூன்றரை வருஷம் ரிங்குக்கு வெளியே இருந்துவிட்டு 1970-ல் திரும்பி வந்த அலி வேறு. 1980-ல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியவரும் அலிதான், ஆனால் அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அவர் வாங்கிய அடியைப் பார்த்தவர்களுக்கு அந்த அலியை யாரோடும் மோதவிட மனசு வராது. டைசனும் அப்படித்தான். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்தவர், அந்த வருஷக் கடைசியில் பயிற்சியாளர் கெவின் ரூனியை விட்டுப் பிரிந்தார், அப்புறம் தலையை அசைத்து அசைத்து உள்ளே புகுகிற பழக்கம் குறைந்துகொண்டே போய், ஒரே குத்தில் முடிக்கப் பார்க்கிற ஆளாகிவிட்டார். அதனால் 1966 அலி, 1988 டைசன் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் நான் பேச ஆரம்பிப்பேன்.

அடுத்து, எந்தக் காலத்து விதிகள் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அலி காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்ட். 1982-ல் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டூக்-கூ சில நாட்களில் இறந்துபோன பிறகுதான் பட்டம் வழங்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12-க்கு இறங்கின. அந்த மூன்று ரவுண்டை லேசாக நினைக்காதீர்கள்: 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மார்சியானோ புள்ளிகளில் பின்தங்கியிருந்தார், 13-வது ரவுண்டில்தான் ஒரே குத்தில் படுக்கவைத்தார். பன்னிரண்டோடு மணி அடித்திருந்தால் தோல்வியே இல்லாத அந்த 49-0 என்கிற கணக்கே இருந்திருக்காது. 1919-ல் டொலிடோவில் ஜாக் டெம்ப்சி, விழுந்த ஜெஸ் வில்லார்டின் பக்கத்திலேயே நின்று, அவர் எழ எழ அடித்தார். இன்றைக்கு நடுவர் அவரை யாருக்கும் சொந்தமில்லாத நியூட்ரல் மூலைக்கு அனுப்பிவிட்டுத்தான் எண்ணுவார்.

அப்புறம் உடம்பு அளவு. "இப்போ இருக்கிறவர்கள் எல்லாம் மலை மாதிரி, பழைய ஆட்கள் நிற்கவே முடியாது" என்று சொல்பவர்களிடம் 2024-ஐக் காட்டுங்கள். ஆறடி மூன்று அங்குல உசிக், ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃபியூரியை (மைக் டைசன் இல்லை, இவர் வேறு ஆள்), 15 கிலோவுக்கு மேல் எடை குறைவாக இருந்தும் ரியாத்தில் இரண்டு முறை ஜெயித்தார். ஆனால் இதை வைத்துக்கொண்டு 84 கிலோ மார்சியானோ, ஆறடி ஐந்து அங்குல லெனாக்ஸ் லூயிஸை வென்றிருப்பார் என்று கிளம்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உயரத்தோடு நல்ல ஜாபும் (முன்கையால் நேராக எட்டிப் போடுகிற குத்து) சேர்ந்த ஆளிடம் குள்ளமான ஆள் கிட்டே போவதற்கே பத்துக் குத்து வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த வாதத்தில் உண்மையான ஆதாரம் இரண்டு காலத்திலும் ஆடியவர்கள்தான். 1974-ல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்த ஜார்ஜ் ஃபோர்மன், பத்து வருஷம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்து, 1991-ல் 42 வயதில் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டும் நின்றார், தோற்றாலும் சாயவில்லை, 1994-ல் 45 வயதில் மைக்கேல் மூரரை நாக் அவுட் செய்து மறுபடி சாம்பியன் ஆனார். 70-களின் ஆட்கள் 90-களில் தாங்க மாட்டார்கள் என்று யார் சொன்னாலும் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஹோம்ஸையும் விட்டுவிடாதீர்கள். 1988-ல் டைசன் அவரை நாலாவது ரவுண்டில் முடித்ததை மட்டும் சொல்வார்கள், அப்போது அவருக்கு 38 வயது, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சண்டையே போடாமல் வந்திருந்தார். அதே ஹோம்ஸ் 1992-ல், அதுவரை தோற்காத ஒலிம்பிக் தங்கக்காரர் ரே மெர்சரைப் புள்ளிகளில் ஜெயித்தார்.

இவன் அவனை அடித்தான், அவன் இன்னொருவனை அடித்தான், அதனால் இவன்தான் பெரியவன் என்கிற கணக்கை மட்டும் தொடவே தொடாதீர்கள். அலியை ஃப்ரேசியர் 1971-ல் வென்றார், ஃப்ரேசியரை ஃபோர்மன் 1973-ல் இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் தள்ளினார், அந்த ஃபோர்மனை அலி வென்றார். கென் நார்ட்டன் மூன்று சண்டையிலும் அலியைப் படுத்தி எடுத்தவர், ஃபோர்மனிடம் இரண்டு ரவுண்ட்கூடத் தாண்டவில்லை. யாருடைய பாணி யாருக்கு ஒத்துவரவில்லை என்று பாருங்கள். கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: 1967-லேயே வானொலிக்காக அப்படி ஒரு போட்டி நடத்தி, அதில் பழைய காலத்துச் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாகச் சொல்ல, அலி வழக்கே போட்டார்.

கடைசியில் தீர்ப்பு சொல்லும்போது எந்த ரவுண்டில், எந்தக் குத்தில் என்பதுவரை சொல்லுங்கள், அப்போதுதான் எதிராளி எதையாவது பிடித்து மறுக்க முடியும். என் தீர்ப்பு இது. 15 ரவுண்ட் சண்டை, முதல் நாலு ரவுண்ட் அலிக்குப் பெரிய ஆபத்து, ஏனென்றால் கையைத் தாழ்த்திக்கொண்டு நேராகப் பின்னால் சாய்கிற அவருக்கு லெஃப்ட் ஹுக், அதாவது பக்கவாட்டிலிருந்து வளைந்து வருகிற இடதுகைக் குத்து, எப்போதுமே வில்லங்கம். 1963-ல் ஹென்றி கூப்பரும் 1971-ல் ஃப்ரேசியரும் அவரைத் தரையில் உட்காரவைத்தது அதே குத்தில்தான், டைசனுடைய லெஃப்ட் ஹுக் அவர்களுடையதைவிட வேகம். அதைத் தாண்டிவிட்டால் ஜாபும், எதிராளியைக் கட்டிப்பிடிக்கிற கிளிஞ்சும் வேலை செய்யும், 1987-ல் போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே டைசனை 12 ரவுண்ட் இழுத்தார், ஆனால் பதிலுக்கு ஒன்றும் குத்தவில்லை. அலி பிடித்துக்கொண்டே குத்துவார், பத்தாவது ரவுண்டுக்கு மேல் முடித்தும்விடுவார். டைசன் பக்கம் நின்று என்னை மறுக்க நினைப்பவர்கள் 1987 அக்டோபரில் டைரல் பிக்ஸோடு நடந்த ஏழு ரவுண்டையும் முழுசாகப் பாருங்கள். ஆறடி ஐந்து அங்குலம், ஒலிம்பிக் தங்கம், ஜாபும் நல்ல ஓட்டமும் இருந்த ஆளை டைசன் எப்படி மூலையில் அடைத்தார் என்பது அதில் இருக்கிறது, எனக்கு எதிராக அதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.