பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் போதும்

எஞ்சின் எண்ணெய் விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் முனகுகிறோம். ஆனால் காடியில் (கார்) ஏர்கோன் ஃபில்டர், வைப்பர், பேட்டரி மாதிரி சின்ன வேலைகளுக்கு ஃபோர்மெனிடம் (மெக்கானிக்) கொடுக்கும் காசு வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். கோலாலம்பூரில் கொண்டோ பார்க்கிங்கில் எண்ணெய் மாற்றினால் செக்யூரிட்டி வந்து நிற்பார், பழைய எண்ணெயை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது வேறு தலைவலி. அதனால் எண்ணெயை வொர்க்‌ஷாப்புக்கே விட்டுவிட்டு, தரையை அழுக்காக்காத வேலைகளை மட்டும் நாமே செய்து பார்ப்போம்.

முதலில் ஏர்கோன் ஃபில்டர். மைவி மாதிரி காடிகளில் இது டேஷ்போர்டு டிராயருக்குப் பின்னால் இருக்கும். டிராயரைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் கீழே தொங்கிவிடும். பின்னால் நீளவாக்கில் ஒரு மூடி தெரியும், அதைக் கழற்றிப் பழையதை இழுங்கள். புகைமூட்ட சீசனுக்கு அப்புறம் என்றால் மூக்கை மூடிக்கொண்டு இழுங்கள். புதியதில் அம்புக்குறி இருக்கும், பழையது எந்தப் பக்கம் காட்டியதோ அதே பக்கம் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வைப்பர் இன்னும் சுலபம், ஒரே எச்சரிக்கை: பிளேடைக் கழற்றியதும் கண்ணாடி மேல் ஒரு தடித்த துணியைப் போடுங்கள். வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் அடித்தால் கண்ணாடி கீறிவிடும், அப்புறம் மிச்சம் பிடித்த காசு எல்லாம் அங்கேயே போய்விடும்.

சரி, இப்போது பேட்டரி. நம் ஊர் வெயிலில் இது சீக்கிரம் செத்துப்போகிற சாமான், அதுவும் பெடரல் ஹைவே ஜாமில் மாட்டியிருக்கும்போதுதான் காலை வாரும். வாங்குவதற்கு முன் நிஜமாகவே செத்துவிட்டதா என்று பாருங்கள். வோல்ட் அளக்கும் ஒரு மலிவான மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, காடி ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளில் அளக்கலாம். 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சினை ஓடவிட்டால் 14 பக்கம் ஏற வேண்டும். 12-லேயே நின்றால் குறை பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலோ (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமான்) அதைச் சுற்றும் பெல்ட்டிலோ இருக்கும், புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். இந்த ஒரு சோதனையே மீட்டர் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கேபிளைக் கழற்றி (எதை முதலில் என்பது கீழே), வெந்நீரில் சோடா மாவு (பேக்கிங் சோடா) கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். சில நேரம் காடி ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணமே அதுதான்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் பழைய பேட்டரி மேல் எழுதியிருப்பதை எழுத்து விடாமல் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என்எஸ்40இசட், என்எஸ்40இசட்எல் இரண்டும் அளவில் ஒன்றுதான், ஆனால் பிளஸ் மைனஸ் பக்கம் மாறியிருக்கும், கேபிள் எட்டாமல் நிற்பீர்கள். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் காடி என்றால் அதற்குரிய வகையைத்தான் போட வேண்டும், சாதாரணம் வேண்டாம்.

சாவியை எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ஏன் என்றால் மைனஸ் காடியின் உடம்போடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கும்போது பிளஸைத் திருகும் ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் பெரிய பொறி பறக்கும். மோதிரம், கைச்சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். இறுக்கிய பிறகு முனையைக் கையால் ஆட்டிப் பாருங்கள், அசையக்கூடாது. கடிகாரமும் ரேடியோவும் ரீசெட் ஆகியிருக்கும், பயப்பட வேண்டாம்.

பிரேக், ஏர்பேக் பக்கம் போகாதீர்கள், வெறும் ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் படுக்கவும் வேண்டாம்.

பழைய பேட்டரியைக் குப்பையில் வீசாதீர்கள், உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருக்கிறது. புதிதை வாங்கும் கடையிலேயே டிரேட்-இன் கேட்டால் விலையில் கொஞ்சம் வெள்ளி கழிப்பார்கள், காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.