பரவிய புற்றுநோய்க்குக் குறிவைத்த கதிர்வீச்சு: போகுமுன் கேட்க வேண்டியவை

மதுரைப் பக்கம் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்லப்படும் சிகிச்சையில் மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை. லினாக் இயந்திரத்தின் எக்ஸ் கதிர்களே கட்டியைத் தாக்குகின்றன. நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு இதைப் பரிந்துரைத்தால், நோயைக் கட்டுப்படுத்தவா, வலியைத் தணிக்க மட்டுமா என்பதை மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு, அலைச்சல், எதிர்பார்ப்பு எல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தவை.

பரவல் பெரும்பாலும் ஐந்து இடங்களுக்குள் நிற்கும்போது, ஒவ்வொரு கட்டியையும் தனியே குறிவைத்து, ஐந்து தடவைக்கு மிகாமல் உயர்ந்த அளவில் கதிர் செலுத்துவது எஸ்.பி.ஆர்.டி. முறை. 2019-இல் லான்செட் இதழில் வெளிவந்த 99 பேர் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 41 மாதங்கள், பெறாதவர்களுக்கு 28 மாதங்கள். ஆயினும் பெற்ற 66 பேரில் மூவரின் மரணம் சிகிச்சையோடு தொடர்புடையதாகப் பதிவானதால், பக்கவிளைவைக் கேட்காமல் கையெழுத்திடுவது சரியன்று. எலும்பு வலிக்கு மட்டுமென்றால் 8 கிரே (கதிர் அளவின் அலகு) அளவில் ஒரே தடவை பலருக்குப் போதும்.

அரசு இராசாசி மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவு பாலரெங்கபுரத்தில் உள்ளது. ஆரப்பாளையத்தில் இறங்கும் உசிலம்பட்டிக்காரர்கள் பனகல் சாலையிலுள்ள மருத்துவமனையின் முதன்மை வளாகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டாம். பயாப்சி அறிக்கை, ஸ்கேன் படங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு, முன்பு கதிர்வீச்சு பெற்றிருந்தால் அந்த அளவுச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் அதே இடத்தில் மறுபடி எவ்வளவு செலுத்தலாம் என்பதை அதை வைத்தே கணக்கிடுவார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

திட்டமிடும் சி.டி. ஸ்கேனின்போது தோலில் மையால் குறியிடுவார்கள். சிகிச்சை முடியும்வரை அது அழியக் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், பீர்க்கங்கூட்டால் தேய்ப்பதும் அதுவரை நிற்கட்டும். குறி மங்கினால் வீட்டில் பேனாவால் வரையாமல் தொழில்நுட்பரிடமே காட்டுங்கள். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடம்பில் தங்குவதில்லை என்பதால், பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். கதிரியக்க அயோடின் போன்ற மருந்துகளுக்கே விலகியிருக்கும் விதி உண்டு.

முதல் ஓரிரு நாளில் வலி சற்றுக் கூடக்கூடும். நிவாரணம் தெரிய இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை மார்ஃபின் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். முதுகெலும்பில் பரவலுள்ளவருக்குக் கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மறு வருகைத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.