கடை வாசலிலும் பார்க்கிங்கிலும் லைட் போடும் முன்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

"பார்க்கிங்கில் லைட் போட நகராட்சியில் தனியா பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்பவர்கள் நிறைய. வெளி விளக்குக்கென்றே ஒரு தனி விதிப் புத்தகம் தமிழ்நாட்டில் கிடையாது. கட்டட விதியில் கொஞ்சம், மின்சாரச் சட்டத்தில் கொஞ்சம், நெடுஞ்சாலை நிலச் சட்டத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. சின்னக் கடையில் வந்து "எத்தனை வாட்ஸ் போட்டிருக்கீங்க" என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். கம்பம் யார் இடத்தில் நிற்கிறது, கரண்ட் எந்த மீட்டரிலிருந்து வருகிறது, வெளிச்சம் யார் கண்ணில் அடிக்கிறது, சிக்கல் வந்தால் இந்த மூன்றில்தான் வரும்.

முதலில் உங்கள் இடம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று பாருங்கள். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் நகராட்சி, ஓசூர் 2019 முதல் மாநகராட்சி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், பர்கூர் எல்லாம் பேரூராட்சி, பைபாஸ் ஓரத்து ஓட்டல்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு ஊராட்சி எல்லைக்குள் இருக்கும். ஆனால் கட்டட விதி எல்லோருக்கும் ஒன்றுதான்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அப்ரூவல் ஆன பிளானை எடுத்து விரித்துப் பாருங்கள், அதில் வண்டி நிறுத்தவும் திரும்பவும் காட்டியிருக்கும் இடத்தை மறிக்கிற மாதிரி நடுவில் கம்பம் நடாதீர்கள். காம்பவுண்டு ஓரமோ மூலையோ போதும். ஒளிரும் போர்டு வைப்பதாக இருந்தால், உங்கள் கடைப் பெயர்ப் பலகை வேறு, அடுத்தவர் விளம்பரம் தாங்கும் பலகை வேறு. இரண்டாவதற்கு லைசென்ஸ் இல்லாமல் கை வைக்கவே வேண்டாம்.

பெங்களூரு-சேலம் சாலையை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள் சர்வீஸ் ரோடு ஓரத்து மண்ணைத் தங்கள் வாசலாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அது நெடுஞ்சாலை நிலம். 2002-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலை நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் எதை நட்டாலும் ஆக்கிரமிப்பு, பிடுங்கிப் போட நெடுஞ்சாலை நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு, செலவையும் உங்களிடமே கேட்கலாம். கம்பத்தை உங்கள் பட்டா நிலத்துக்குள் நட்டுவிடுங்கள்.

சரி, கரண்டுக்கு வருவோம். ஆட்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். மாடியில் வீடு, கீழே கடை என்றால் வீட்டு மீட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துப் பார்க்கிங் லைட்டை எரிய விடுவார்கள், யூனிட் விலை குறைவு என்பதால். மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவு இதை அங்கீகாரமில்லாத பயன்பாடு என்கிறது. எந்த வேலைக்குக் கொடுத்த இணைப்போ அந்த வேலைக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். அதேபோல ஒரு கட்டடத்துக்குக் கொடுத்த கரண்டைப் பக்கத்து மனைக்கு இழுத்தாலும், அது உங்கள் சொந்த மனையாகவே இருந்தாலும், இதே பிரிவுதான். பொருந்த வேண்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். என்றைக்கு ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதம் வரைக்கும் கணக்குப் போடலாம். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போடுவது இன்னும் மோசம், அது 135-ஆவது பிரிவில் மின் திருட்டு, சிறை வரைக்கும் போகும். கடை எதிரே தெருவிளக்கு எரியவில்லையா, நகராட்சியிலோ ஊராட்சியிலோ புகார் எழுதிக் கொடுங்கள், அந்தக் கம்பத்தில் நீங்களே பல்பு மாட்டப் போகாதீர்கள்.

கடை மீட்டரிலிருந்து எடுப்பதுதான் நேர்வழி. லோடு கூடுவதாக இருந்தால் ஈ.பி. ஆபீசில் ஏ.இ.-யை (உதவிப் பொறியாளரை) பார்த்து எழுதிக் கொடுத்து அனுமதித்த லோடை உயர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் பெரும்பாலும் அதற்கு அவசியமே வராது, ஏனென்றால் தேவையைவிட நான்கு ஐந்து மடங்கு வாட்ஸ் வாங்குவதுதான் இங்கே வழக்கம்.

ஒரு கணக்குப் பாருங்கள். 60 அடிக்கு 50 அடி பார்க்கிங் என்றால் சுமார் 280 சதுர மீட்டர். சுமாராக வண்டி வந்து போகும் பார்க்கிங்குக்குச் சராசரி 10 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும், கூட்டம் அதிகமுள்ள மால் மாதிரி இடத்துக்கு 20 லக்ஸ். இது சி.ஐ.இ. என்ற சர்வதேச ஒளி ஆணையம் வைத்திருக்கும் அளவு. 280 சதுர மீட்டருக்கு 10 லக்ஸ் என்றால் தரையில் விழ வேண்டியது 2,800 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு). விளக்கிலிருந்து வருவதில் அறுபது சதவீதம் ஓரத்திலும் தூசியிலும் வீணாகும் என்று வைத்தால் 7,000 லூமன் வாங்க வேண்டும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்ஸுக்கு 100 லூமன் தரும். ஆக 70 வாட்ஸ், கொஞ்சம் தாராளமாக 40 வாட்ஸ் இரண்டு. ஆனால் கடைக்காரர் வாங்கி வருவது 200 வாட்ஸ் ஃபோகஸ் இரண்டு! தினம் 11 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 200 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வரும். வணிகக் கட்டணம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் அளவில் நிற்கும்போது அது சுமார் இரண்டாயிரம் ரூபாய், சும்மா வானத்துக்குக் காட்டிய வெளிச்சத்துக்கு.

மண்டபம், பெரிய ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி என்று 100 கிலோவாட்டுக்கு மேல் லோடு உள்ள கட்டடமாக இருந்தால் மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பையும் (2017) உங்கள் ஆர்க்கிடெக்டிடம் கேளுங்கள். அதில்தான் வாட்ஸுக்கே உச்ச வரம்பு இருக்கிறது: திறந்தவெளி பார்க்கிங்குக்கும் வண்டிப் பாதைக்கும் சதுர மீட்டருக்கு 1.6 வாட்ஸ், நடைபாதைக்கு 2, கட்டட முகப்புக்கு 5. பகலில் தானாக அணையும் சென்சாரோ டைமரோ வேண்டும் என்றும், ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் என்றால் முகப்பு விளக்குக்குத் தனி டைமர் வேண்டும் என்றும் இருக்கிறது. சின்னக் கடைக்கு இது கட்டாயமில்லை, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் டைமரைவிட சென்சார் மேல் என்பேன், கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டுகிறது, ஆடியில் ஏழு மணியை நெருங்குகிறது, மாதா மாதம் டைமரைத் திருகிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? கடை மூடிய பிறகு பாதி விளக்கு தனி ஸ்விட்சில் அணைகிற மாதிரி ஒயரிங் செய்துவிடுங்கள்.

வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதுதான் பாக்கி. எளிய சோதனை ஒன்று: விளக்கைப் போட்டுவிட்டு ரோட்டில் போய் நில்லுங்கள், பக்கத்து வீட்டு வாசலிலும் நில்லுங்கள். எல்.இ.டி. சில்லு நேராகக் கண்ணில் தெரிந்தால் விளக்கு தப்பாக மாட்டியிருக்கிறது. எட்டடி உயரத்தில் சுவரில் மாட்டிச் சாய்த்துவிட்ட ஃபோகஸ் லைட் கூசத்தான் செய்யும். இருபதடி கம்பத்தில், முகம் தரையைப் பார்த்துப் படுக்கையாக இருக்கும் தெருவிளக்கு மாதிரியான ஃபிட்டிங் போட்டால் அதே வெளிச்சம் தரையில் விழும், கூசாது. தொப்பூர் கணவாய் இறக்கம் மாதிரி இடத்தில் லாரி டிரைவர் கண்ணில் ஒளி அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் நகராட்சி ஆணையர் வழியாகவும் வரலாம், கோட்டாட்சியர் வழியாகவும் வரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி கோட்டாட்சியர் உத்தரவு போடலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது, விளக்கை ஒரு திருகு கீழே இறக்கினால் தீர்ந்துவிடும், ஆனால் வீம்புக்கு நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு ஆள் பாதிக்கப்படுகிறார், பூ விவசாயி. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமெல்லாம் சாமந்தித் தோட்டத்தை ஒட்டியே கடைகள் வந்துவிட்டன. சாமந்தி இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். இரவில் வெளிச்சம் பட்டால் செடி வளர்ந்துகொண்டே போகுமே தவிரப் பூக்காது, பூப்பதைத் தள்ளிப்போடச் சில விவசாயிகள் வேண்டுமென்றே பல்பு கட்டுவதும் இதனால்தான். உங்கள் ஃபோகஸ் லைட் தோட்டத்தில் அடித்தால் அவருக்குப் பண்டிகை விலை போய்விடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி போலக் காட்டை ஒட்டிய ஊர்களில் காட்டுப் பக்கம் எந்த விளக்கையும் திருப்பாமல் இருப்பது நல்லது, யானைகள் நடமாடும் இடம் அது.

கலர் விஷயத்தில் நான் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் (லேசான மஞ்சள் கலந்த வெள்ளை) கட்சி. பளீர் நீல வெள்ளை கண்ணை உறுத்தும், பூச்சியையும் அதிகம் இழுக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஓட்டல் வாசலில் ஈசல் கொட்டி, இட்லித் தட்டில் இறக்கை விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கடைசியாகப் பாதுகாப்பு. மேலே 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன் போகும் இடத்தில் கம்பம் நடும் முன் ஈ.பி.-க்குச் சொல்லுங்கள். கட்டடத்திலிருந்தே பக்கவாட்டில் 1.2 மீட்டர், செங்குத்தாக 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது அது சாய்ந்தால் எங்கே போய்த் தொடும் என்றும் அளந்து பாருங்கள். ஃபிட்டிங் தூசியும் மழைத் தண்ணீரும் புகாத ஐ.பி.65 ஆக இருக்கட்டும், ஒவ்வொரு இரும்புக் கம்பத்துக்கும் எர்த் இருக்கட்டும், லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் போடுங்கள். ஜங்ஷன் பாக்ஸ் மூடி இல்லாமல் ஒயர் தொங்கும் கம்பத்தில்தான் மழை நாளில் மாடும் பிள்ளைகளும் போய்ச் சாய்வார்கள். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் வேலையைக் கொடுத்து, எர்த் ரெசிஸ்டன்ஸ் அளந்த எண்ணை எழுதி வாங்கி, மீட்டர் கார்டோடு சேர்த்து வையுங்கள். செக்கிங் வந்தாலும் இன்சூரன்ஸ் கேட்டாலும் அந்தத் தாளைத்தான் தேடுவீர்கள்.