லென்ஸில் உள்ள எண்களைத் தப்பாகப் படிக்காதீர்கள்

கேமராவோடு வரும் கிட் லென்ஸின் முன்வளையத்தில் 18-55 மி.மீ., 1:3.5-5.6, ∅58 என்பதுபோல ஏதாவது பொறித்திருக்கும். 18 என்றால் அகலமான காட்சி, 55 என்றால் நெருக்கமான காட்சி. இதுவரை சிக்கல் இல்லை. தடுமாற்றம் அடுத்த ஜோடியில்தான்.

3.5-5.6 என்றிருந்தால், அபெர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பு) அந்த இரண்டு எண்களுக்குள்தான் நகரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டுமே அதிகபட்சத் திறப்பைச் சொல்பவை; எண் சிறிதானால் திறப்பு பெரிது. 18இல் வைத்தால் 3.5 வரை திறக்கும். 55க்கு ஜூம் செய்தால் 5.6ஐவிடப் பெரிதாகத் திறக்காது. மூடும் பக்கம் எஃப் 22 வரைகூடப் போகும், அதை முன்வளையத்தில் எழுதுவதில்லை.

இதைக் கவனிக்காதவர்கள்தான் வீட்டுக்குள் ஜூம் செய்து எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுவார்கள். 18இலிருந்து 55க்குப் போகும்போது உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்துவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) மாறாவிட்டால் 1/125 நொடியில் இருந்த ஷட்டர் 1/50க்கு இறங்கும். அதே நேரம், ஜூம் செய்யச் செய்ய கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். படம் கலங்காமல் என்ன செய்யும்?

சிறிய எண் எப்படிப் பெரிய திறப்பு ஆகும் என்ற குழப்பத்துக்கும் அந்த ‘1:’ தான் பதில். அது ஒரு விகிதம். 50 மி.மீ. லென்ஸில் 1:1.8 என்றால், 50ஐ 1.8ஆல் வகுக்க, திறப்பின் விட்டம் சுமார் 28 மி.மீ. அதே லென்ஸை எஃப் 16இல் வைத்தால் சுமார் 3 மி.மீ. தான்.

∅ அடையாளத்துக்குப் பக்கத்தில் உள்ள எண், லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஃபில்டரின் விட்டம். லென்ஸில் 50 மி.மீ. என்று இருக்கிறதே என்று 50 மி.மீ. ஃபில்டர் தேடாதீர்கள்.

அப்புறம், க்ராப் சென்சார் விவகாரம். சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு; 35 மி.மீ. ஃபிலிம் அளவில் இருந்தால் ஃபுல் ஃப்ரேம், அதைவிடச் சிறியது க்ராப். க்ராப் சென்சாருக்கென்றே செய்த லென்ஸில் எண்ணை ஏற்கெனவே மாற்றி எழுதியிருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மாற்றுவதில்லை. 35 மி.மீ. எந்த லென்ஸிலும் 35 மி.மீ. தான். ஃபுல் ஃப்ரேமோடு காட்சியின் அகலத்தை ஒப்பிடும்போது மட்டும் அந்த எண்ணை நிக்கான், சோனி க்ராப் கேமராக்களுக்கு 1.5ஆலும், கேனனுக்கு 1.6ஆலும் பெருக்க வேண்டும்.

எழுத்துகளில் எனக்கு மோசமாகப் படுவது டாம்ரான் நிறுவன லென்ஸ்களில் வரும் ‘டிஐ இரண்டு’ (Di II). பார்த்தால் ‘டிஐ’யின் புதிய பதிப்பு போலிருக்கும். ஆனால் ‘டிஐ’ ஃபுல் ஃப்ரேமுக்கும் ஒத்துவருவது. ‘டிஐ இரண்டு’ க்ராப் சென்சார் டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) மட்டும். ‘டிஐ மூன்று’ அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு. கேனன் லென்ஸ் பெயரின் கடைசியில் வரும் ரோமன் இரண்டோ நிஜமாகவே இரண்டாம் பதிப்பு. வாங்குபவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நிக்கானில் ‘ஏஎஃப்’ என்று மட்டும் இருந்தால் லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் அந்த மோட்டார் இல்லாததால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்றால் கவலையில்லை. பழைய லென்ஸ் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேனனின் ஐஎஸ், நிக்கானின் விஆர், டாம்ரானின் விசி எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உங்கள் கை ஆட்டத்தைச் சமாளிப்பது. ஓடும் குழந்தையை அவை நிறுத்தாது; அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும்.

கடைசியாக 0.25 மீ. போன்ற குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். இதை லென்ஸின் நுனியிலிருந்து அளந்து, தேவையில்லாமல் தள்ளி நிற்பவர்கள் உண்டு. அளவு தொடங்குவது சென்சாரிலிருந்து. பல கேமராக்களின் மேல்பகுதியில் ஒரு வட்டத்தின் நடுவே கோடு போட்ட குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான். அங்கிருந்து அளந்தால், பூவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம்.