ஊர் வெயிலும் சின்னப் பிள்ளையின் கண்ணும்

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கும்தான் வெளிநாட்டில் வாழும் நம்மில் பலர் யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்குப் போகிறோம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண் புறஊதாச் சுட்டெண். லண்டனில் நடுக்கோடையில்கூட அது 8ஐத் தாண்டுவது அரிது. ஊரில் அந்த மாதங்களில் வானம் தெளிவாக இருந்தால் 11ஐத் தாண்டும். சின்னப் பிள்ளையின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது, அதனால் புறஊதாக் கதிர் விழித்திரை வரை கூடுதலாகப் போகும். எனவே ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நல்ல சன்கிளாஸ் ஒன்றைப் பயணப் பட்டியலில் கட்டாயம் சேருங்கள்.

அதை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே வாங்கிவிடுங்கள். திருவிழாக் கடைகளில் தொங்கும் விளையாட்டுக் கண்ணாடி வேண்டாம். கறுப்பாக இருந்தால் போதும் என்பது தவறு. புறஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறும் கண்ணைவிட மோசம்: இருட்டில் கண்மணி விரிய, கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். புறஊதாவைத் தடுக்கும் என்பதைக் காட்டும் ‘UV 400’ (யுவி 400) என்று எழுதியிருக்கிறதா, ஐரோப்பாவில் என்றால் அங்குள்ள பாதுகாப்பு விதிக்கு ஏற்றது என்று காட்டும் ‘CE’ (சிஇ) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தின் அடர்த்திக்கு 0 (மிக வெளிறியது) முதல் 4 (மிகக் கறுப்பு) வரை வகை உண்டு, ஊர் வெயிலுக்கு 3 சரி. வில்லை பொலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருக்கட்டும், விழுந்தாலும் சில்லுச் சில்லாக உடையாது. உலோகச் சட்டம் வெயிலில் சுடும், வளையும் பிளாஸ்டிக்தான் நல்லது. போட்டுப் பார்க்கும்போது பிள்ளையைச் சிரிக்க வையுங்கள். கன்னம் கண்ணாடியை மேலே தள்ளினால் அது பெரிது. பின்னால் மென்மையான இழுபட்டி இருந்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகு ஏறும்போது கடலுக்குள் போகாது.

சரி, போட வைப்பது எப்படி? விமானம் ஏறுவதற்குச் சில வாரம் முன்பே தொடங்குங்கள். இரண்டு நிறம் காட்டி ஒன்றைப் பிள்ளையே எடுக்கட்டும். முதலில் பொம்மைக்கு, பிறகு அப்பாவுக்கு, பிறகு பிள்ளைக்கு. வீட்டுக்குள் போட்டுவிட்டால் இருட்டாகத் தெரிய உடனே கழற்றி எறியும். வெளிச்சம் கூசும் இடத்தில் போட்டால்தான் கண்ணுக்குச் சுகம் தெரியும். கை சும்மா இருக்கவும் விடாதீர்கள். ஒரு பிஸ்கட்டோ பந்தோ கொடுத்துவிட்டுப் போடுங்கள். கழற்றினால் சண்டை வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். நீங்களும் போடுங்கள்; நீங்கள் வெறும் கண்ணோடு நின்றால் பிள்ளை ஏன் கேட்கும்?

அம்மம்மாவோடு வீடியோவில் பேசும்போதும் பிள்ளை கண்ணாடியோடு இருக்கட்டும். ஊரில் இறங்கியதும் சுற்றி நின்று “இதென்ன கோலம், கழட்டு பாப்பம்” என்று சொந்தக்காரர் சிரித்தால் பழகிய பழக்கம் ஒரு நாளில் போய்விடும். “வடிவா இருக்கு எண்டு சொல்லுங்கோ மாமி” என்று முன்கூட்டியே கேட்டுவைப்பதில் வெட்கமில்லை.

சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில் அகல விளிம்புத் தொப்பியும் கண்ணாடி அளவுக்கு முக்கியம். தொப்பி மேலிருந்து வருவதைத் தடுக்கும், கீழிருந்து தெறிப்பதைத் தடுக்காது. காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 வீதம் புறஊதாவைத் திருப்பி அடிக்கும், அலை நுரை 25 வீதம் வரை. நல்லூர் வீதி மணலிலும் கசூரினா கடற்கரையிலும் பிள்ளையின் முகம் நிலத்துக்குக் கிட்ட இருப்பதை நினைத்துப் பாருங்கள். காலை 10 மணி முதல் பின்னேரம் 4 மணி வரை கூடுதல் கவனம் வேண்டும். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் முற்றத்தில் வெறும் கண்ணோடு ஓடி விளையாட விடலாம். கோயில் உள்வீதிக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள், வெளியிலிருந்து வந்தவுடன் படி தெரியாமல் தடுக்கி விழும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலுக்கே கொண்டுபோக வேண்டாம், நிழலும் குடையும் போதும்.

கடலில் நனைந்த கண்ணாடியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டே துடையுங்கள். மணலோடு துடைத்தால் கீறல் விழும். காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். இன்னொரு சோடியும் பையில் இருக்கட்டும். ஒன்று எப்படியும் ஓட்டோவில் மறந்துபோகும்.